ஆரணியின் பெயர் அச்சேறும் முன்

என் வதனிக்கு,

"அம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பா, அன்ரி?" என்று உன் மகள் இன்று மாலை போனில் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. ஷார்ஜாவில் ரோலாவிலிருந்து துபாய்க்கு ஒரே பஸ்ஸில் போய், பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தவர்கள் நாம். எந்தக் கடைப் பிட்டு உனக்கு ஆகாது, எந்த மாதிரி ஆளைக் கண்டால் உனக்கு வாய் துறுதுறுக்கும் என்றெல்லாம் கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். இதற்கு மட்டும் எதுவும் வரவில்லை.

போனை வைத்தபிறகு ஒரு டீ போட்டேன். குடிக்கவில்லை. உனக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பொறுக்கமாட்டாய். ஆரணி அமெரிக்காவில் படிப்பை முடித்துவிட்டாள். பெரிய நகரத்தில், பெரிய பத்திரிகையில் வேலை கிடைக்கும் என்று நீ எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாயே, அது கிடைக்கவில்லை. முன்பு விடுமுறையில் பயிற்சிக்குப் போனாளே, சோளமும் சோயாவும் விளைகிற ஊர், அதே வாரப் பத்திரிகையில் இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மொத்தம் மூன்று பேர். ஆசிரியரும் சொந்தக்காரருமான ஹெலன் அம்மாள், வயது எழுபதுக்கு மேல். விளம்பரம் பிடிக்க ஒருவர். எழுத உன் மகள். அச்சான பத்திரிகையை ஹெலனின் கணவர் காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஊர் ஊராகப் போடுகிறார்.

அந்த மாவட்டத்தை அவர்கள் கவுண்டி என்கிறார்கள். பக்கத்துக் கவுண்டியில் இருந்த பத்திரிகை மூடிவிட்டதாம். பத்திரிகை இல்லாத இடத்துக்கு அமெரிக்காவில் "செய்திப் பாலைவனம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஷார்ஜாவிலிருந்து போன பிள்ளையை உட்காரவைத்து, பாலைவனம் என்றால் என்ன என்று ஹெலன் பாடம் எடுத்தாராம். ஆரணி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். இதைக் கேட்டால் நீ எப்படிச் சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். பார், இப்படிப்பட்டதெல்லாம் தெரிகிறது.

பயிற்சிக்குப் போனபோது அவள் எழுதிய முதல் போலீஸ் செய்தி உனக்கு நினைவிருக்கும். இங்கே நாளிதழில் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் வராது. முதலெழுத்து இரண்டு, வயது, எந்த நாட்டுக்காரர் என்பது, அவ்வளவுதான். அதைப் படித்து வளர்ந்த பிள்ளை, அங்கே குடித்துவிட்டு வண்டி ஓட்டி வேலியில் மோதியவரைப் பற்றி "ஆர்.டி., 41, அமெரிக்க நாட்டவர்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஹெலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இந்த ஊரில் எல்லாருமே அமெரிக்க நாட்டவர்தான், ஆரணி" என்றாராம். அதன்பிறகு விளக்கியிருக்கிறார். அரசாங்கம் ஒருவரைப் பிடித்தால், பிடித்தது யாரை என்று வெளியே சொல்லவேண்டும். யாரையும் ஓசையில்லாமல் கொண்டுபோய் வைத்துவிடக் கூடாது. அதற்குத்தான் பெயர்.

நீ அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாய். நர்ஸ் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாய். சிரித்து இருமி ஓய்ந்தபிறகு நீ சொன்னதை நான் மறக்கவில்லை.

"எங்கட ஊரில சண்டைக் காலத்தில ஆக்களைக் கொண்டுபோனவைக்கும் பேர் இல்லை, கொண்டுபோகப்பட்டவைக்கும் பேர் இல்லை. 'அடையாளம் தெரியாதோர்' எண்டு ஒரே சொல்லை வருஷக்கணக்கா அச்சடிச்சவை, கௌரி. ஒவ்வொரு நாளும் புதுசா எழுத்துக் கோத்து ஏன் கஷ்டப்பட்டவை எண்டு தெரியேல்லை. ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைச்சிருக்கலாம்."

அதனால், ஆரணி இப்போது எழுதியிருக்கிற ஒரு செய்திக்கு மேலே தன் பெயரைப் போடலாமா என்றால், போடு என்றுதான் நீ சொல்லியிருப்பாய் என்று யாராவது நினைக்கலாம். நான் அவ்வளவு சீக்கிரம் நினைக்கமாட்டேன். அவளை வழியனுப்ப விமான நிலையத்துக்கு நானும்தான் வந்தேன். அவள் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல் பிடித்துக்கொண்டு நீ என்ன சொன்னாய்? "வாயைக் குறைச்சுக்கொள், பிள்ளை. கூட்டமெண்டா பின் வரிசையில இரு. எழுது, ஆனா முன்னுக்கு நிக்காதை." திரும்பி வரும்போது டாக்சியில் நீயே தலையில் கை வைத்துக்கொண்டாய். "பாத்தியே, என்ர அம்மா எனக்குச் சொன்னதை ஒரு சொல் மாத்தாமல் சொல்லிப்போட்டன்."

வாசகி வதனி ஒருத்தி. அம்மா வதனி இன்னொருத்தி. இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். எந்த வதனி இன்றைக்கு வாய் திறப்பாள் என்பதுதான் தெரியாது.

நம் அலுவலகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நாம் செய்த வேலை என்ன என்று இப்போதும் யாருக்கும் எனக்கு ஒழுங்காக விளக்க வருவதில்லை. உலகப் பத்திரிகைகளை விடியும் முன்பே படித்து, வாடிக்கையாளர் நிறுவனங்களுக்கு வேண்டிய செய்திகளை வெட்டி, சுருக்கி, அவர்கள் காலைக் காப்பிக்கு முன் அனுப்புவது. உனக்கும் எனக்கும் அமெரிக்கா. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு முத்திரை போடவேண்டும்: பாசிட்டிவ், நெகட்டிவ், நியூட்ரல். இப்போது அதை மெஷினே போட்டுவிடுகிறது, வதனி. நாங்கள் சரிபார்க்கிறோம். மெஷினுடன் சண்டை போட முடியவில்லை. அது வேலையை ரொம்பவும் சோகமாக்கிவிட்டது.

நாம் போட்ட சண்டைகளில் அந்த மேயர் சண்டையை இப்போதும் ஆபீசில் சொல்வார்கள். ஏதோ ஒரு அமெரிக்க நகரத்தின் மேயர் ஒப்பந்தக்காரரிடம் லஞ்சம் வாங்கினார் என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. நான் நெகட்டிவ் என்று போட்டேன். நீ அதை மாற்றி பாசிட்டிவ் என்று போட்டாய்.

"லஞ்சம் வாங்கினது எப்படி வதனி பாசிட்டிவ் ஆகும்?"

"லஞ்சம் நெகட்டிவ்தான். செய்தி பாசிட்டிவ். ஒரு பெட்டை போய் ரெண்டு மாசம் அரசாங்கக் கந்தோர் கந்தோரா ஏறி இறங்கிக் கண்டுபிடிச்சு, தன்ர பேரைப் போட்டு எழுதியிருக்கிறாள். அடுத்த நாளும் அவள் வேலைக்குப் போறாள். இதைவிட நல்ல செய்தி உனக்கு எங்கயடி கிடைக்கும்?"

மேலாளராக இருந்த எகிப்துக்காரர் இரண்டு கையையும் உயர்த்தி, "கலாஸ், நியூட்ரல், யல்லா", முடிந்தது, வேலையைப் பாருங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். அன்று முழுவதும் நீ அவருடன் பேசவில்லை.

நான் உன்னைப்போல் நம்பியவள் இல்லை. மதுரையில் அரசியல் படித்தபோது, பத்திரிகை ஜனநாயகத்தின் நான்காவது தூண் என்று எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். எழுதும்போதே, மற்ற மூன்று தூணையும் ஜனங்கள் ஒரு வகையில் தேர்ந்தெடுக்கிறார்கள், இந்தத் தூணை யார் நட்டார்கள் என்று ஒரு சந்தேகம் இருந்தது. அதைப் பேப்பரில் எழுதவில்லை. பிறகு இங்கே வந்தேன். பக்கத்தில் ஈராக்கில் போர் தொடங்குவதற்கு முன் அதே பெரிய பத்திரிகைகள் என்னவெல்லாம் எழுதின என்பதை இந்தக் கரையில் இருந்து படித்தேன். பயங்கர ஆயுதம் இருக்கிறது என்று பெயர் சொல்லாத அதிகாரிகள் சொன்னதாகப் பெரிய எழுத்தில் போட்டார்கள். இந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு இதைத்தானா செய்தார்கள் என்று உன்னிடம் கேட்டேன்.

"பேர் சொல்லாத ஆக்கள் சொன்னதெண்டு போட்டவை. அங்கதான் பிழை விட்டவை," என்றாய். "அதைப் பிழையெண்டு பிறகு எழுதினதும் அவையேதான். வேற ஆர் எழுதினது?"

"பிறகு எழுதி என்ன பிரயோஜனம்?"

"அதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை," என்றாய். வாதத்தில் உனக்கு இது பழக்கம். எதிராளிக்குப் பாதியைக் கொடுத்துவிடுவாய். அதற்கு மேல் சண்டை பிடிக்க முடியாது.

இப்போது அங்கே நிலைமை இன்னும் மோசம். ஒரு வீட்டில் ஒரு டிவி, அடுத்த வீட்டில் வேறு டிவி. இரண்டு வீட்டுக்கும் இரண்டு நாடு. பதவியில் இருப்பவர்கள் நிருபர்களை மேடையிலேயே திட்டுகிறார்கள், கூட்டம் கை தட்டுகிறது. பெரிய பத்திரிகைகளைப் பெரும் பணக்காரர்கள் வாங்குகிறார்கள், பிறகு எதை எழுதவேண்டாம் என்று யாரும் சொல்லாமலே ஆட்களுக்குப் புரிந்துவிடுகிறது. நாம் இருக்கிற ஊரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. விருந்தாளி வீட்டுக்காரருடைய சமையலைப் பற்றிப் பேசக் கூடாது என்பது என் கொள்கை. ஆனால் ஊர் முழுக்கப் பேசலாம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்துக்கொண்டிருக்கிறவர்களைப் பார்த்து நான் நாலு கேள்வி கேட்கலாம் அல்லவா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆரணி போகிற கவுண்டி வாரியத்தில் ஐந்து உறுப்பினர்கள். எல்லாரும் ஓட்டில் வந்தவர்கள். கூட்டம் நடந்தால் கதவு திறந்திருக்கவேண்டும், யாரும் போய் உட்காரலாம் என்பது அங்கே சட்டம். உட்காருகிறவர்கள் வழக்கமாக இரண்டு பேர். ஒன்று ஆரணி. இன்னொருவர் ஒரு தாத்தா, வீட்டில் ஹீட்டர் செலவு மிச்சம் என்று வருகிறவர். ஐந்தில் மூன்று பேர் எங்கே சேர்ந்து ஊர்க் காரியம் பேசினாலும் அதுவும் கூட்டம்தான். முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். டீக்கடையில் பேசி முடித்துவிட்டுச் சபையில் வந்து கை தூக்கக் கூடாது.

அவர்கள் டீக்கடையில்தான் பேசினார்கள். அங்கே டீக்கடை என்றால் பான்கேக் கடை. ஆரணி வேலைக்குப் போகிற வழியில் காலை உணவுக்குப் போயிருக்கிறாள். பக்கத்து மேசையில் வாரியத் தலைவரும் இன்னும் இரண்டு உறுப்பினர்களும். கவுண்டியின் வடக்கு மூலையில் இருக்கிற ஒரே ஆம்புலன்ஸ் நிலையத்தை மூடிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தார்கள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் "அவசர சேவை மறுசீரமைப்பு" என்று ஒரு வரியாகக் கொண்டுவந்து, பேச்சு இல்லாமல் வாக்கெடுத்துவிடலாம், பெயரைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது என்றும் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து முட்கரண்டியால் தட்டைக் கிளறிக்கொண்டிருந்த கறுப்புப் பெண்ணை அவர்கள் பார்க்கவே இல்லை. மாதா மாதம் அவர்கள் கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்திருக்கிறவள்தான். அவள் பின் வரிசையில் இல்லை வதனி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆரணி எழுதினாள். எழுதுவதற்கு முன், முறைப்படி மூன்று பேரையும் போனில் கூப்பிட்டு, உங்கள் தரப்பைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். இரண்டு பேர் மழையைப் பற்றித்தான் பேசினோம் என்றார்கள். தலைவர் டிராக்டர் விற்கிற கடை வைத்திருப்பவர். அவர் மறுக்கவில்லை. "மிஸ் சிவபாலன், நீ கெட்டிக்காரப் பெண். உன் விசா எதுவரைக்கும்?" என்று கேட்டிருக்கிறார். குரலில் சிரிப்பு இருந்ததாம்.

விசா என்ற சொல்லை ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் நம் ஆட்கள் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தேடுவார்கள். உன் வீட்டுக்காரர் என்னைத் தேடினார். நேற்று என்னை ரோலாவில் அந்தக் கேரளாக் கடைக்கு வரச்சொன்னார். நாலு பேருக்கு நடுவில் நின்றுகொண்டு கரக் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறவிட்டுக்கொண்டே பேசினார்.

"தங்கச்சி, உங்கட சொல்லைத்தான் அவள் கேப்பாள். நான் வாயைத் திறந்தா 'அப்பா, யூ டோண்ட் அண்டர்ஸ்டாண்ட்' எண்டு போனை வைச்சிடுறாள்."

"எழுத வேண்டாம்னு சொல்றீங்களா அண்ணா?"

"எழுதட்டும். நான் எழுத வேண்டாமெண்டு சொல்லேல்லை. பேரை ஏன் போடவேணும்? அந்தக் கிழவியே சொல்லியிருக்கிறா, விரும்பினா பேரில்லாமல் போடலாமெண்டு. அந்த மனிசன் விசாவைக் கேட்டிருக்கிறான். விசாவைக் கேக்கிறவன் சும்மா கேப்பானே? இவ்வளவு காலம் இஞ்ச இருக்கிறன், எனக்குத் தெரியாதே?"

"அங்க சட்டம் வேற அண்ணா."

"சட்டம் வேற. மனிசன் ஒண்டுதான்." டீயை இன்னொரு முறை ஆற்றிவிட்டு, "அதோட, அது அவளின்ர பேர் மட்டுமே? பின்னால நிக்கிறது என்ர பேர்," என்றார்.

அது உண்மைதான். நம் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் போய் ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்காவில் அதுதான் ஆளின் பெயராகிவிடுகிறது. வாழ்நாளில் யாருடனும் சத்தமாகப் பேசாத சிவபாலன் அண்ணனை, அவர் பார்த்தே இராத சோளக்காட்டில் ஒருவர் கோபத்தோடு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பிறகுதான் அவர் கேட்க வந்ததைக் கேட்டார்.

"ஒண்டு செய்யுங்கோ. 'அம்மா இருந்தா பேர் போட விட்டிருக்க மாட்டா' எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா நம்புவாள்."

"வதனி அப்படி உங்ககிட்ட சொல்லியிருக்காளா அண்ணா?"

"சொல்லியிருப்பாள்தானே."

"சொல்லியிருப்பான்னா, அது நீங்க சொல்றது."

"நீங்களும் அவளை மாதிரியே கதைக்கப் பழகிட்டியள்," என்றார். கோபமாகச் சொன்னாரா, வேறு விதமாகவா என்று எனக்குத் தெரியவில்லை. டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நீ போனபிறகு அவர் மெலிந்துவிட்டார். சட்டையை நன்றாக இஸ்திரி போட்டுத்தான் போடுகிறார். அதை உனக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் இன்று மாலை ஆரணியைக் கூப்பிட்டேன். அங்கே காலை. பத்திரிகை இன்று மாலை அச்சுக்குப் போகிறது, அவர்கள் மாலை. நாளை ஊருக்குப் போகும். நாளையேதான் வாரியக் கூட்டமும்.

"அப்பா அனுப்பினவரா, அன்ரி?" முதல் கேள்வியே இதுதான்.

"ஆமா."

"ஐ நியூ இட்."

"ஹெலன் என்ன சொல்றாங்க?"

"இட்ஸ் யுவர் கால் எண்டு சொல்லிட்டா. பேர் வேண்டாமெண்டா 'ஸ்டாஃப்' எண்டு போடுவாவாம். ஆனா அன்ரி, எழுதுற ஸ்டாஃப் எண்டா நான் ஒராள்தானே. ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியட்டும். விசா ஆபீசுக்குத் தெரியவேண்டாம்."

கீபோர்டு சத்தம் கேட்டது. பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பா.

அந்த இடத்தில் எதைச் சொன்னாலும் அவள் எடுத்துக்கொண்டிருப்பாள், வதனி. ரப்பர் ஸ்டாம்ப் கதையைச் சொல்லியிருந்தால் பெயர் போட்டிருப்பாள். விமான நிலையத்துக் கதையைச் சொல்லியிருந்தால் பெயரை எடுத்திருப்பாள். இரண்டுமே நடந்தவை. எதைச் சொல்லி எதை விடுகிறேனோ அதுதான் உன் வாக்கு என்று ஆகியிருக்கும். பெயர் சொல்லாத அதிகாரிகளை வைத்து எழுதியவர்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம்! பெயர் மட்டும் இருந்து, ஆள் இல்லாத ஒருத்தியை வைத்துப் பேசுவது அதைவிட எப்படி மேலாகும்?

"எனக்குத் தெரியாது, ஆரணி. உண்மையாவே தெரியாது."

"கெஸ் பண்ணுங்கோ."

"மாட்டேன். அவகிட்ட கேக்க முடியாது. கேக்காம அவ வாயில வார்த்தையப் போடமாட்டேன். என் கருத்து வேணும்னா சொல்றேன்."

"சொல்லுங்கோ."

"பேர் போடாத. நீ அங்க தனியா இருக்க. அந்த ஆளுக்கு நாலு பேரைத் தெரியும். பேர் இல்லாட்டியும் செய்தி உண்மைதான்."

"உண்மை எண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்? பக்கத்து மேசையில இருந்தது ஆர் எண்டு கேப்பினம்தானே. டாக்குமென்ட் ஒண்டும் இல்லை, அன்ரி. நான் மட்டும்தான் இருக்கிறன். ஐ ஆம் த சோர்ஸ்."

அதோடு அவளே பேச்சை மாற்றினாள்.

"சரி, நீங்க சொன்னதை அப்பாட்ட சொல்லலாமா? பேர் போடாத எண்டு நீங்க சொன்னது."

"தாராளமா. கௌரி சொன்னான்னே சொல்லு."

"வித் யுவர் நேம்?"

"என் பேரோடதான். பின்ன எப்படிச் சொல்லுவ?"

அவள் சிரித்துவிட்டாள். உன் சிரிப்பு இல்லை அது, அவள் அப்பாவுடைய சிரிப்பு, மூக்கால் வருவது. "அன்ரி, உங்கட ஒப்பீனியனுக்குப் பேர் வேணும். என்ர நியூசுக்குப் பேர் வேண்டாமா?"

இந்த வயதில், இவ்வளவு படித்துவிட்டு, இத்தனை வருடம் அடுத்தவர் எழுதியதற்கெல்லாம் முத்திரை குத்திவிட்டு, ஒரு சின்னப் பெண்ணின் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். "நல்லா யோசி" என்று மட்டும் சொன்னேன். "யோசிக்கிறன்" என்று வைத்துவிட்டாள்.

நான் சொன்ன கருத்தை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. பயப்படுவது நியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்த நாட்டைப் பத்திரிகைகள் காப்பாற்றிவிடும் என்று நீ நம்பிய அளவு நான் நம்பப்போவதில்லை. தூணைப் பற்றி எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அந்தக் கடையில் பக்கத்து மேசையில் ஒருத்தி இருந்தாள், கேட்டாள், அவர்களிடமே திருப்பிக் கேட்டு எழுதினாள் என்பதில் சந்தேகம் இல்லை. அவள் அங்கே இல்லாவிட்டால், வடக்கு மூலையில் யாருக்காவது நெஞ்சு வலித்துப் போன் செய்கிற நாளில்தான் அந்த ஊருக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நீ சொல்லாததை நீ சொன்னாய் என்று யாரிடமும் சொல்லமாட்டேன். உன் மகளிடமும் சொல்லமாட்டேன், அவள் நன்மைக்கே என்றாலும். நீ சொன்னதை மட்டும், சொன்ன இடத்தோடு, ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் இரண்டையும் சேர்த்து, அவள் கேட்கும்போது சொல்வேன்.

இத்துடன் முடித்திருக்கலாம். அச்சுக்குப் போவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, என்ன ஆனது என்று தெரியாமல் கையெழுத்துப் போட மனமில்லை. மூடி வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை. நேற்று நடந்தது இது.

பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே, ஆரணி சிவபாலன் என்று முழுப் பெயர். வாரியக் கூட்டத்தில் நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்களாம். ஹீட்டர் தாத்தாவுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை என்று வருத்தம். தலைவர் ஆம்புலன்ஸ் விஷயத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பதாக அறிவித்தார், காரணம் சொல்லவில்லை. மூடமாட்டோம் என்றும் சொல்லவில்லை. முடிந்து வெளியே போகும்போது ஹெலனை நிறுத்தி, செய்தியில் ஒரு பிழை இருக்கிறது, அன்று காலை நான் சாப்பிட்டது பான்கேக் இல்லை, முட்டை, என்றார். அடுத்த வாரம் திருத்தம் போடுவதாக ஹெலன் ஒத்துக்கொண்டிருக்கிறார். வேறு எதையும் அவர் பிழை என்று சொல்லவில்லை. ஆரணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விசாவைப் பற்றி இதுவரை எந்தப் பக்கமிருந்தும் ஒன்றும் இல்லை. வராது என்று நான் சொல்லமாட்டேன்.

இன்று மதியம், ஆபீஸ் அரைநாள் முடிந்து நான் பஸ்ஸுக்கு நின்றபோது சிவபாலன் அண்ணன் கூப்பிட்டார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன்.

"வாசிச்சன், தங்கச்சி. மூண்டு தரம் வாசிச்சன்."

"ம்."

"பேரைப் போட்டிட்டாள்."

"போட்டுட்டா அண்ணா."

என் பஸ் வந்தது, ஏறாமல் விட்டேன்.

"அந்த வடக்குப் பக்கத்தில," என்றார், "வயசு போன ஆக்கள் கனபேரோ? டவுனில இருந்து அம்புலன்ஸ் வாறதெண்டா எவ்வளவு நேரம் பிடிக்குமாம்?"

எனக்குத் தெரியாது என்றேன். அதையும் எழுதச்சொல்லி அவளிடம் கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

உன் மகளுக்குச் சின்னம்மாவாகிய,
கௌரி